குற்றாலம் குழாயடியா?

குற்றாலத்துக்குப் போய் வந்தவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலோர் சற்றுத் திணறுவார்கள். "எத்தனை தடவை குளித்தீர்கள்?" என்று கேளுங்கள், கணக்கு மளமளவென்று வரும். பேரருவியில் இரண்டு தடவை, ஐந்தருவியில் ஒரு தடவை, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் பழைய குற்றாலத்தில் ஒரு தடவை. நடுவில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். ஊர் திரும்பும்போது பையில் கொஞ்சம் மங்குஸ்தான் பழம். ஆயிற்று, குற்றால யாத்திரை முடிந்தது!

மலை என்று ஒன்று அங்கே இருந்ததே, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "ஆமாம், அருவிக்குப் பின்னால் ஏதோ இருந்தது" என்கிற தோரணையில் பதில் கிடைக்கிறது.

குளிப்பதை நான் குற்றம் சொல்ல வரவில்லை. குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் வருகிறவனைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அருவியைக் குழாய் என்று எண்ணுகிற மனோபாவம் இருக்கிறதே, அதோடுதான் என் சண்டை. குழாயைத் திறக்கிறவன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதில்லை. வந்தால் குளிக்கிறான், வராவிட்டால் திட்டுகிறான். குற்றாலத்தையும் நாம் அப்படித்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இதற்குத் துணை செய்வது, "தென்னாட்டின் ஸ்பா" என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வழங்கிவரும் பட்டம். ஸ்பா என்பது பெல்ஜியம் நாட்டில் ஓர் ஊர். அங்கே பூமிக்கு அடியிலிருந்து ஊற்று நீர் வருகிறது. பாறைகளின் இரும்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு வருகிற நீர் அது. அதைக் குடித்தால் நோய் தீரும் என்று ஜனங்கள் போனார்கள். குற்றாலத்தின் சங்கதியே வேறு. இங்கே தண்ணீர் பாதாளத்திலிருந்து வரவில்லை, ஆகாயத்திலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக் காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக அதே காற்று இந்தப் பக்கம் நழுவி வந்து சாரலாகத் தூவுகிறது. மலைமேல் விழுந்த மழையைக் காட்டின் மண்ணும் வேரும் சருகும் வாங்கிப் பிடித்துக்கொண்டு, சிறுகச் சிறுக விடுகின்றன. அப்படி விடுகிற நீர்தான் சிற்றாறு. செண்பகாதேவி அருவியும் பேரருவியும் அந்த ஆறு இறங்கி வருகிற படிக்கட்டுகள்.

ஆகவே, குற்றாலத்தில் வைத்தியர் யாராவது இருந்தால் அது காடுதான்; தண்ணீர் அவர் கொடுத்தனுப்பும் மருந்து. மருந்துக்கு வரிசையில் நின்று முண்டியடிக்கிற நாம் வைத்தியரை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

"மூலிகைகளில் பட்டு வருகிற தண்ணீர் ஐயா, சர்வ ரோக நிவாரணி!" என்று சொல்லுகிற அன்பர்கள் உண்டு. அந்த நம்பிக்கையோடு நான் வாதாடவில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வி. மூலிகை நீர் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர் அதே நீரில் நின்றுகொண்டு ஷாம்புப் பொட்டலத்தைப் பல்லால் கிழிப்பானேன்? இந்த அசட்டுத்தனத்தை நிறுத்துவதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-ஆம் ஆண்டில் உத்தரவு போட வேண்டியிருந்தது. அருவியில் சோப்புப் போடாதே என்று சொல்ல நீதிபதிகளா வேண்டும்? ஒரு பாட்டி போதாதா?

அதைவிட விசித்திரம் பின்னால் வந்தது. காட்டு ஓடைகளின் இயற்கையான போக்கைத் திருப்பி, தங்கள் எல்லைக்குள்ளேயே செயற்கை அருவிகளை உண்டாக்கிக்கொண்ட தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி, 2022-இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அருவியைக் குழாய் என்று எண்ணுகிறவன் ஒருநாள் அதைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொள்ளத்தானே செய்வான்? அப்படிப்பட்ட விடுதி ஒன்றின் நிர்வாகி என்னிடம், "எங்களிடம் கூட்டமே இல்லை சார், அருவி உங்களுக்கு மட்டும்தான்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு மட்டும் என்றால் கீழே இருக்கிற வயலுக்கு இல்லை என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியாமலிருக்காது.

ஏனென்றால் சிற்றாறு பேரருவியோடு முடிந்துவிடுகிற ஆறு அல்ல. நாம் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அதன் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. தென்காசியைத் தாண்டி, அணைக்கட்டுகளில் நின்று, கால்வாய்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சீவலப்பேரியில் தாமிரவருணியிடம் ஒப்படைக்கிறது.

"வருகிறவர்களை நம்பித்தானே இந்த ஊர் பிழைக்கிறது? நீர் சொல்கிறபடி கெடுபிடி செய்தால் எண்ணெய் தேய்க்கிறவனும், பழம் விற்கிறவளும் எங்கே போவார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சீசன் பொய்த்த வருஷத்தில் முதலில் பட்டினி கிடக்கிறவர்கள் அவர்கள்தாம். பெரிய விடுதிக்காரர் அல்ல. காடு நன்றாயிருந்தால் அருவி நாலு நாள் கூடுதலாக விழும். அந்த நாலு நாள் வரும்படி யாருக்கு? காட்டைக் காப்பாற்று என்கிறவன் பழக்காரியின் விரோதி அல்ல.

வேறு சிலருக்கு வனத்துறையின் மேல் கோபம். செண்பகாதேவிக்கும் அதற்கும் மேலே தேனருவிக்கும் நினைத்தபோது ஏற முடியவில்லையாம். நானும் மலை ஏறுகிற ஆசை உள்ளவன்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் வனத்துறையின் கட்சி. பேரருவிக் கரையை நாம் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்த பிறகு, மேலே இருப்பதையும் நம் கையில் ஒப்படை என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

ஏறாமலே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. பேரருவியின் முன்னால் பத்து நிமிஷம் உலர்ந்த துணியோடு நின்று பாருங்கள். மேலிருந்து வரும் நீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகே கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அருவிக்கு அடியில் ஒருவரும் நிற்க முடியாது. அருவிக்கரைக் கோயிலின் சித்திர சபைக்குப் போனால், நடராஜர் அங்கே சிலையாக இல்லாமல் சுவரில் சித்திரமாக ஆடுகிறார். ஐந்தருவிக்குச் சுமார் 5 கிலோ மீட்டர். காரை விட்டுவிட்டுச் சாரலில் நடந்து போனால் மேகம் மலையை மூடுவதும் திறப்பதும் வழி நெடுகத் தெரியும். இவற்றுக்கெல்லாம் கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை.

மலையைப் பார் என்று நான் சொல்வது ரசனைக்காக மட்டும் அல்ல. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்தப் பையன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அருவி என்பது ஒரு மலையின் வாசல் என்பதையும், மேலே கொட்டுகிற மழை எந்த நிமிஷமும் கீழே வந்து சேரும் என்பதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதது நம் குற்றம். துண்டு, சோப்பு, மாற்றுத் துணி என்று ஒன்று விடாமல் எடுத்து வைத்துக் குழந்தைகளைக் கூட்டிப் போகிற நாம், அண்ணாந்து மேகத்தைப் பார்க்க மட்டும் சொல்லித் தருவதில்லை.

குழாய் ஆளை அடித்துக்கொண்டு போகாது. அருவி போகும். அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் நன்றாகக் குளித்துவிட்டு வரட்டும். ஆனால் தண்ணீருக்குள் தலையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மேலே பார்க்கட்டும்.