வயரைக் கழற்றினா என்ன காட்டும்?

இன்ஸ்ட்ரூமென்டேஷன் மக்களே, ஒரு நிமிஷம்! எலெக்ட்ரிகல், மெக்கானிக்கல், கெமிக்கல் கோஷ்டியும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். பாஸாகி ஏதாவது ஒரு ப்ளான்ட்டுக்குள் காலை வைத்தால், இந்த வாரச் சமாச்சாரம் உங்கள் தலையிலும் ஒரு நாள் விழத்தான் போகிறது.

கன்ட்ரோல் ரூம் பேனலில் சிவப்பு நம்பரோடு ஒரு சின்னப் பெட்டி மினுக்கிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீங்க. அதுதான் சிக்னல் மானிட்டர். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: ப்ராசஸ் இண்டிகேட்டர், ட்ரிப் ஆம்ப்ளிஃபையர், அலாரம் யூனிட். வேலை ஒன்றுதான். வெளியே டேங்க்கிலோ பாய்லரிலோ இருக்கிற டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் கரன்ட்டைப் படிக்கும், நம்பராகக் காட்டும், எல்லை தாண்டினால் உள்ளே இருக்கிற ரிலேயைத் தட்டிவிடும். ஹூட்டர் அலறும், இல்லை பம்ப் நிற்கும்.

'ப்பூ, இவ்வளவுதானா? ரெண்டு வயர் உள்ளே, மூணு வயர் வெளியே, நாலு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது' என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு நிஜக் கதை.

இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ஸ்டெட் ஊருக்குப் பக்கத்தில் பன்ஸ்ஃபீல்ட் என்று ஒரு பெரிய எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 10 சாயங்காலம் 912-ஆம் நம்பர் டேங்க்கில் பெட்ரோல் ஏற்ற ஆரம்பித்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை 3 மணி வாக்கில் லெவல் கேஜ் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருக்கிறது, திரையில் நம்பர் மட்டும் அசையவில்லை. அலாரம்களும் அதே கேஜின் சிக்னலை நம்பி இருந்ததால், அவையும் கம்மென்று இருந்துவிட்டன. அந்த கேஜ் அப்படி மாட்டிக்கொண்டது முதல் தடவையும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் டேங்க் மறுபடி உபயோகத்துக்கு வந்ததிலிருந்து 14 தடவை!

சரி, கேஜ் கைவிட்டால் கைகொடுக்கத்தானே தனியாக ஒரு ஹை லெவல் ஸ்விட்ச் வைத்திருந்தார்கள்? வைத்திருந்தார்கள். அதை டெஸ்ட் பண்ணுவதற்காக மேலே ஒரு சின்ன லீவர். அந்த லீவரைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு. மாட்டியவர்கள், 'பூட்டு சும்மா பாதுகாப்புக்கு, யாரும் கை வைக்காம இருக்க' என்று நினைத்து அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். பூட்டு இல்லாததால் லீவர் இறங்கிவிட்டது, ஸ்விட்ச் செத்த மாதிரிதான். விடிகாலை 5.37-க்கு டேங்க் வழிய ஆரம்பித்தது. 6.01-க்கு வெடி. 43 பேருக்குக் காயம். ஞாயிறு விடிகாலை என்பதால் பக்கத்து ஆபீஸ்கள் காலி. ஒரு உயிர்கூடப் போகவில்லை. 20-க்கும் மேற்பட்ட டேங்க்குகள் எரிந்தன, தீ அடங்கப் பல நாள் ஆனது.

கவனிச்சீங்களா? சாதனம் இருந்தது. வயரும் போயிருந்தது. மாட்டியவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் ஒரே ஒரு விஷயம் கைமாறவில்லை: இது எப்படி எல்லாம் கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்யும்?

அதே கேள்வியோடு நம்ம பெட்டிக்கு வருவோம். இன்டர்வியூவில் உங்களை மடக்கக் கேட்பார்கள்: 'சிக்னல் ஏன் 4-லிருந்து 20 மில்லி ஆம்பியர்? 0-லிருந்து ஆரம்பிச்சா என்ன?' பாதிப் பேர் 'ஸ்டாண்டர்டு சார்' என்று சொல்லிவிட்டு அசடு வழிவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இது. டேங்க் காலி என்றால் 4. நிரம்பி இருந்தால் 20. அப்போ 0 வந்தால்? டேங்க் காலி இல்லை பாஸ், வயர் அறுந்திருக்கு! சைபரிலும் உயிர் இருப்பதால் இதற்கு 'லைவ் ஸீரோ' என்று பெயர். அந்த 4 மில்லி ஆம்பியருக்குள்தான் இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் தன் சாப்பாட்டையும் முடித்துக்கொள்கிறது. காற்றழுத்தத்தில் சிக்னல் அனுப்பிய காலத்திலும் இதே புத்திதான்: 3-லிருந்து 15 பி.எஸ்.ஐ. கணக்குப் போட்டுப் பாருங்க, அதே ஒன்றுக்கு ஐந்து.

இனி வயரிங். 8 மீட்டர் உயர டேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்மிட்டர், 24 வோல்ட் சப்ளை, மானிட்டர், கன்ட்ரோல் சிஸ்டத்தின் இன்புட் கார்டு, எல்லாம் ஒரே மாலையில் கோத்த பூ மாதிரி சீரிஸில் வரும். மாலையில் எத்தனை பூ கோக்கலாம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 12. அதை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 600 ஓம். லூப்பில் அவ்வளவுதான் இடம். இன்புட் கார்டு 250, மானிட்டர் 250, கேபிளும் ஸீனர் பேரியரும் சேர்ந்து இன்னொரு 250 என்று 750 ஓம் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? 12 வோல்ட்டை 750-ஆல் வகுங்க: 16 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் கரன்ட் ஒழுங்காக ஏறாது. மானிட்டர் 6 மீட்டர் வரைக்கும் அழகாக, துல்லியமாகக் காட்டும். டேங்க் அதற்கு மேல் நிரம்பினாலும் அதே 6-லேயே நிற்கும். நீங்கள் 7.2 மீட்டரில் வைத்த ஹை அலாரம் ஜென்மத்துக்கும் அடிக்காது! காலி டேங்க்கில் டெஸ்ட் பண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் இன்புட் ரெசிஸ்டன்ஸ் குறைவான மானிட்டராகப் பார்த்து வாங்கச் சொல்லுங்க. இல்லை, லூப் பட்ஜெட்டைப் பேப்பரில் போட்டுக் காட்டிவிட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்க.

ஷீல்டு வயரை ஒரு முனையில் மட்டும், வழக்கமாகப் பேனல் பக்கம், எர்த் பண்ணுங்க. மறுமுனையை டேப் சுற்றி விட்டுடுங்க. இரண்டு பக்கமும் எர்த் பண்ணினால் ஷீல்டிலேயே கரன்ட் ஓடும், நம்பர் டான்ஸ் ஆடும். மோட்டார் டிரைவுக்குப் போகிற பவர் கேபிளோடு சிக்னல் கேபிளை ஒரே ட்ரேயில் படுக்க வைக்காதீங்க. குறுக்கே கடந்தே ஆகணும்னா செங்குத்தாகக் கடக்கட்டும். ஒவ்வொரு வயரையும் மாட்டின பிறகு லேசாக இழுத்துப் பாருங்க, கையோடு வந்தால் இப்பவே வரட்டும். இன்னொன்று: லூப்புக்கு 24 வோல்ட்டை மானிட்டரும் கொடுக்கும், கார்டும் கொடுக்கும். ஒரே லூப்புக்கு யாராவது ஒருத்தர்தான் படியளக்கணும். யார் என்று டிராயிங்கில் பாருங்க.

அடுத்தது கான்ஃபிகரேஷன். ஆட்டம் இங்கேதான். மெனுவில் முதல் கேள்வி, இன்புட் என்ன? 0-20 என்றும் இருக்கும், 4-20 என்றும் இருக்கும். அவசரத்தில் 0-20 என்று விட்டுவிட்டால் டேங்க் நிரம்பி இருக்கும்போது நம்பர் மிகச் சரியாக 8.00 காட்டும். ஆஹா! ஆனால் காலியாகும்போது 1.6 மீட்டர் என்று கூசாமல் பொய் சொல்லும். 0.4 மீட்டருக்குக் கீழே இறங்கினால் பம்ப் நிற்கணும் என்று வைத்திருந்தால், நம்பர் 0.4-க்கு வரவே வராது. பம்ப் வறண்டு ஓடிக் கருகும். ஒரு புள்ளியில் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக எந்த மீட்டரையும் நம்பக் கூடாது. கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்திலாவது பாருங்க.

ஸ்கேல் போடும்போது யார் கொடுத்த நம்பர், எந்த வருஷத்து டேட்டா ஷீட் என்றும் கேளுங்க. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டி ரிஃபைனரியில் ஒரு டவரில் திரவம் சுமார் 158 அடி உயரத்துக்கு ஏறிவிட்டது. திரையில் 8 அடிக்கும் குறைவு, அதுவும் இறங்கிக்கொண்டே! டிரான்ஸ்மிட்டரை காலிப்ரேட் பண்ணியது 1975-ஆம் வருஷ டேட்டா ஷீட்டின் அடர்த்தி எண்ணை வைத்து என்பது விசாரணையில் வெளிவந்தது. தனியாக இருந்த ஹை லெவல் அலாரமும் அன்றைக்கு அடிக்கவில்லை. 15 பேர் இறந்தார்கள், 180 பேருக்குக் காயம்.

செட் பாயின்ட் வைத்த கையோடு டெட்பேண்டும் வைத்துவிடுங்க. திரவத்தின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி நிற்காது, அலையடிக்கும். 7.2-ல் அலாரம் வந்து, 7.19-ல் போய், திரும்ப 7.2-ல் வந்து... ரிலே பல்லைக் கடிக்கிற மாதிரி டகடகவென்று அடிக்கும். ஆபரேட்டர் எரிச்சலில் ஹூட்டரை மியூட் பண்ணிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நைட் ஷிஃப்டில் நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். 7.1-க்கு இறங்கினால்தான் அலாரம் விலகும் என்று வைத்தால் தீர்ந்தது.

இப்போ முக்கியமான கட்டம்: வயர் அறுந்தால்? 0 மில்லி ஆம்பியர் வந்தால் கணக்குப்படி மைனஸ் 25 சதவீதம், அதாவது நம்ம டேங்க்கில் மைனஸ் 2 மீட்டர். ஹை அலாரத்துக்கு இதைவிட சந்தோஷமான செய்தி உண்டா? 'டேங்க் ரொம்பக் காலி, நான் தூங்கப் போறேன்' என்று இருந்துவிடும். அதனால் ஃபால்ட்டுக்கு என்று தனி செட்டிங் இருக்கும். நமூர் அமைப்பின் என்.இ. 43 பரிந்துரைப்படி 3.8-லிருந்து 20.5 வரை அளவீடு, 3.6-க்குக் கீழே போனாலோ 21-ஐத் தொட்டாலோ கோளாறு. அந்தக் கோளாறு வந்தால் ரிலே எந்தப் பக்கம் விழணும் என்று நீங்கள்தான் சொல்லணும். ஹை அலாரம் என்றால் கோளாறையும் அலாரமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்க. பொய் அலாரம் வரும்தான். வரட்டுமே!

ரிலேயையும் 'ஃபெயில் சேஃப்' என்று வையுங்க. ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் பிரேக் குழாயில் அழுத்தம் குறைந்து பிரேக் பிடிக்கிறது. குழாய் தானாக உடைந்தாலும் அதேதான், வண்டி நிற்கும். இங்கேயும் அப்படியே. எல்லாம் சரியாக இருக்கும்போது ரிலே காயில் கரன்ட்டோடு பிடித்துக்கொண்டிருக்கும், அலாரம் என்றால் விட்டுவிடும். அப்போது மானிட்டருக்கு சப்ளை போனாலும், காயில் எரிந்தாலும் அலாரம்தான். இதில் ஒரு குழி இருக்கு, விழாதீங்க. பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் என்.ஓ., என்.சி. என்பதெல்லாம் சப்ளை இல்லாத நிலைக்கு. ஃபெயில் சேஃபில் ஓடும்போது என்.ஓ. மூடியிருக்கும், என்.சி. திறந்திருக்கும். பம்ப் ஓட அனுமதி கொடுக்கிற வயரை என்.ஓ.விலும், ஹூட்டர் வயரை என்.சி.யிலும் மாட்டுங்க. ஹூட்டருக்குத் தனி சப்ளை இருக்கட்டும். மானிட்டரோடு சேர்ந்து அதுவும் செத்தால் யார் கத்துவது?

டெஸ்ட் பண்ணும்போது ஏசி ரூமில் உட்கார்ந்து பேனல் டெர்மினலில் கரன்ட் கொடுத்துப் பார்ப்பது பாதி டெஸ்ட்தான். லூப் கேலிபரேட்டரைத் தூக்கிக்கொண்டு வெயிலில் டேங்க் மேல் ஏறி, டிரான்ஸ்மிட்டர் பக்கமிருந்து கொடுங்க. (எண்ணெய், கேஸ் இருக்கிற இடம் என்றால் பெர்மிட் இல்லாமல் எந்த மூடியையும் திறக்க வேண்டாம், ஆபத்து.) 20-உம் கொடுங்க. கடைசியாக வைத்த செட் பாயின்ட், டெட்பேண்ட், ஃபால்ட் திசை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மூடுங்க. அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் வாயாலும் ஒரு தடவை சொல்லிடுங்க.

உங்க காலேஜ் ப்ராசஸ் கன்ட்ரோல் லேப்பிலும் இதே மாதிரி ஒரு பெட்டி எங்காவது தூசியோடு இருக்கும். லேப் அசிஸ்டென்ட் அண்ணனைக் காக்காய் பிடித்து அடுத்த பீரியடில் ஆன் பண்ணச் சொல்லுங்க. ரீடிங் நோட்டில் எழுதினதும் உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிக்னல் வயரைக் கழற்றுங்க. மைனஸ் 25 வருதா, கோடு கோடா காட்டுதா, ரிலே 'டக்'குன்னு விழுதா, இல்லை பழைய நம்பரிலேயே சிரிச்சுக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. சிரிச்சுக்கிட்டு நின்னா, மெனுவுக்குள்ள போங்க.