சுள்ளி பொறுக்கியவர்களும் சட்டத்தின் சொற்களும்

மொழிபெயர்ப்பாளன் மெதுவாகப் படிப்பவன். மற்றவர்கள் ஒரு மூச்சில் கடந்துபோகும் வாக்கியத்தின் முன் அவன் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பான். கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் முடி நரைத்துவிட்ட எனக்கும் இந்தப் பழக்கம் போகவில்லை. அண்மையில் மார்க்ஸ்-எங்கெல்ஸ் தொகுப்பு நூல்களின் முதல் தொகுதியை மீண்டும் எடுத்தேன். மாணவப் பருவத்தில் பக்கங்களைத் தள்ளிப் படித்த நூல் அது. இம்முறை ஒரு கட்டுரைத் தொடர் என்னை நிறுத்திவிட்டது. 1842 அக்டோபர், நவம்பர் மாதங்களில் 'ரைனிஷ் ஸைட்டுங்' நாளேட்டில் வெளிவந்த, மரத் திருட்டுச் சட்டம் குறித்த விவாதங்கள் பற்றிய தொடர். அப்போது மார்க்சுக்கு வயது 24.

பிரஷ்ய ஆட்சியின் கீழிருந்த ரைன் மாகாணத்தின் அவையில் ஒரு சட்ட முன்வடிவு வந்தது. காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் காய்ந்த குச்சிகளைப் பொறுக்குவதையும் திருட்டு என்று அது வரையறுத்தது. குளிர்காலத்தில் அடுப்பு எரிக்க ஏழைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியம் அது. அன்றைய பிரஷ்யாவில் நீதிமன்றங்களுக்கு வந்த குற்ற வழக்குகளில் பெரும்பகுதி விறகு, காடு தொடர்பானவையே. பச்சை மரத்தை வெட்டுவதும் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதும் ஒன்றாகுமா என்று மார்க்ஸ் கேட்டார். மரத்தை உடையவன் மரத்தை உடையவன். மரமே உதிர்த்துவிட்டதை அவன் எப்படி உடையவன் ஆவான்? தண்டத் தொகை காட்டு உரிமையாளரின் பைக்கே போவதையும், அவரிடம் சம்பளம் வாங்கும் காவலரே 'திருட்டுப்பொருளின்' மதிப்பை நிர்ணயிப்பதையும் அவர் அம்பலப்படுத்தினார். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தம்மை முதன்முதலில் திருப்பியவற்றுள் இந்த விவாதமும் ஒன்று என்று 1859-இல் எழுதிய முன்னுரையில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். மூலதனத்தை ஆராய்ந்த அந்தப் பெரும் பயணம் ஒரு கட்டுச் சுள்ளியிலிருந்தும் தொடங்கியது என்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது.

என் தடுமாற்றம் வேறோர் இடத்தில் இருந்தது. தமிழில் சுள்ளி வேறு, விறகு வேறு, மரம் வேறு. சுள்ளி பொறுக்கப்படுவது, விறகு வெட்டப்படுவது, மரம் நிற்பது. இவை அனைத்தையும் ஒரே குற்றப் பெயருக்குள் அடைத்த அந்தச் சட்டத்தைத் தமிழாக்க முயன்றபோது மொழியே மறுத்தது. மக்கள் பிரித்து வைத்திருந்த சொற்களைச் சட்டம் ஒன்றாக்கிய இடத்தில்தான் உரிமை குற்றமாக மாறியது என்பது அப்போது புலப்பட்டது.

ரைன் கரையிலிருந்து இந்தியக் காடுகளுக்கு

இந்தக் கதை ரைன் நதிக்கரையோடு முடிந்துவிடவில்லை. அதே ரைன் மாகாணத்துப் பான் நகரில் 1824-இல் பிறந்தவர் தீத்ரிச் பிராண்டிஸ் என்ற தாவரவியலாளர். 1864-இல் ஆங்கிலேயர் இந்தியாவில் வனத்துறையை அமைத்தபோது அதன் முதல் தலைமை அதிகாரியாக அமர்த்தப்பட்டவர் அவரே. இருப்புப்பாதைகளுக்குக் குறுக்குக் கட்டைகள் தேவைப்பட்ட காலம் அது. 1865-இல் முதல் வனச் சட்டம் வந்தது. 1878-இல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. கிராமக் காடுகளுக்கும் இடம் வேண்டும் என்று பிராண்டிஸ் கருதினார். வென்றதோ பேடன்-பவல் என்ற அதிகாரியின் வாதம்: அரசு எழுத்தில் வழங்காத எதுவும் மக்களுக்கு உரிமை ஆகாது, அது வெறும் சலுகையே. சென்னை மாகாணத்துக்கு 1882-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 'காப்புக்காடு' என்ற சொல் நம் வருவாய்ப் பதிவேடுகளில் இப்படித்தான் ஏறியது. யாருக்காகக் காப்பு, யாரிடமிருந்து காப்பு என்று அந்தச் சொல் கூறுவதில்லை.

அதற்கான விடையைத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி அறியும். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன, ஊரே சிறைக்குப் போனது. மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடாது போராடியதால் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அலுவலர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மரத் திருட்டு என்ற ஒரு சொல் அரசின் கையில் எத்தகைய ஆயுதமாகும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மூங்கில் மரமா, புல்லா?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த வரலாற்றைத் திருப்பி எழுதிய சட்டம். இடதுசாரிகளின் நாடாளுமன்ற வலிமையும் ஆதிவாசி அமைப்புகளின் தெருப் போராட்டமும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின. காடுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதை அதன் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. உரிமைகளைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்குத் தரப்பட்டது.

அதில் என்னை மகிழ்வித்த சிறு செய்தி மூங்கில் பற்றியது. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் மூங்கிலை மரம் என்றது. ஆகவே கூடை முடைய மூங்கில் வெட்டியவர் மரம் வெட்டிய குற்றவாளி ஆனார். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மக்கள் சேகரிக்கும் வனப்பொருட்களுள் சேர்த்தது. 2017-இல்தான் பழைய சட்டத்தின் 'மரம்' என்ற வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. புறத்தே வைரம் பாய்ந்தவை புல், அகத்தே வைரம் பாய்ந்தவை மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் எப்போதோ வகுத்துவிட்டது. அந்த இலக்கணப்படி மூங்கில் புல்தான். தில்லி அங்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் தண்டம் கட்டினார்களோ!

ஆனாலும் இலுப்பைப் பூ, பீடி இலை, தேன், கடுக்காய் ஆகியவற்றுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'சிறு வனப்பொருட்கள்' என்பதே. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு எதிலிருந்து வருகிறதோ அதைச் 'சிறு' என்று மொழிபெயர்க்கும்போதெல்லாம் என் பேனா தயங்கும்.

எது காடு?

இன்றைய போராட்டம் இன்னும் அடிப்படையான ஒரு சொல்லைப் பற்றியது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டுக்கு எதிராகத் தொடரப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. நிலம் யாருக்குச் சொந்தமாயினும், அகராதிப் பொருளில் எது காடோ அதுவே சட்டத்துக்கும் காடு என்றது. 2023-இல் மோடி அரசு கொண்டுவந்த திருத்தம் இதைச் சுருக்கியது. அறிவிக்கை செய்யப்பட்டவையும், 1980 அக்டோபர் 25 முதல் அரசு ஆவணங்களில் காடு எனப் பதிவானவையுமே இனிச் சட்டத்தின் பாதுகாப்புக்குரியவை. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்பின் பெயரால் அமையும் நெடுஞ்சாலை போன்ற திட்டங்களுக்கு விலக்கு. உயிரியல் பூங்காக்களுக்கும் சஃபாரிகளுக்கும் விலக்கு. சட்டத்தின் பெயரும் 'வன் (சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன்) அதினியம்' என்றாகிவிட்டது. பெயரில் பாதுகாப்பும் வளர்ப்பும் இருக்கின்றன. உள்ளடக்கத்தில் அவற்றைத் தேட வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டு, பழைய விளக்கத்தையே தற்காலிகமாகத் தொடரச் செய்தது. அதற்கு முன்பே, 2022-ஆம் ஆண்டின் விதிகள் மத்திய அரசு ஒப்புதல் தருமுன் கிராம சபையின் இசைவு பெறவேண்டும் என்ற நிலையைத் தளர்த்திவிட்டிருந்தன.

இதன் விளைவை சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காடுகளில் காணலாம். அங்கே ராஜஸ்தான் அரசு மின்நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தை வெட்டி இயக்குவது அதானி குழுமம். 2016-இல் காட்பர்ரா கிராமத்துக்கு வழங்கப்பட்டிருந்த சமூக வன உரிமையே ரத்து செய்யப்பட்டது. 2021 அக்டோபரில் கிராம மக்கள் சுமார் 300 கிலோமீட்டர் நடந்து ராய்ப்பூர் சென்றனர். கிராம சபை இசைவு என்று காட்டப்பட்டவை போலியானவை என்று முறையிட்டனர். 2022 ஜூலையில் மாநிலச் சட்டமன்றமே சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2023 டிசம்பரில் காவல்துறையின் பாதுகாப்போடு மரங்கள் வெட்டப்பட்டன.

பெரிய நிக்கோபார் தீவிலோ சுமார் 130 சதுர கிலோமீட்டர் வன நிலத்தை மாற்ற 2022-இல் ஒப்புதல் தரப்பட்டது. ஷோம்பென் பழங்குடியினர் வாழும் மழைக்காடு அது. அதற்கு ஈடாக மரம் நடத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் ஹரியானா! இதன் பெயர் 'ஈடுசெய் காடு வளர்ப்பு'. ஈடு என்றால் இணை, ஒப்பு என்று தமிழில் பொருள். நிக்கோபாரின் மழைக்காட்டுக்கு வறண்ட வடக்கில் இணை ஏது?

நமக்கும் ஒரு கேள்வி

வளர்ச்சிக்கு நிலக்கரி வேண்டாமா, வேலை வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நிலக்கரியின் லாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுமை பெறும். மறுபுறம், மனிதர்களை வெளியேற்றினால்தான் காடு பிழைக்கும் என்று நம்பும் இயற்கை ஆர்வலர்களும் உண்டு. அத்தகைய அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 2019 பிப்ரவரியில், உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் அம்மாத இறுதியிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. முதல் தரப்புக்குக் காடு சரக்கு. இரண்டாம் தரப்புக்குக் காட்சி. காட்டில் வாழ்பவரை இரு தரப்புமே பார்ப்பதில்லை.

நம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. மாநாட்டு ஆவணங்களில் சுற்றுச்சூழல் பற்றிய பத்தி வெகுகாலம் கடைசியில்தான் இருந்தது. விடியற்காலையில் அச்சகத்துக்குத் தாள் போகும் அவசரத்தில், அதை அரைத் தூக்கத்தில் தமிழாக்கிய இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. வசதி படைத்தவர்களின் கவலை அது என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது. மார்க்சின் முதல் பொருளாதாரக் கட்டுரையே காட்டைப் பற்றியது என்று அறிந்திருந்தும், அந்தப் பத்தி ஏன் கடைசியில் நிற்கிறது என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. 2013-இல் ஒடிசாவின் நியமகிரியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தன; மறு ஆண்டு மத்திய அரசே திட்டத்துக்கு அனுமதி மறுக்க வேண்டியதாயிற்று. எழுதப்படிக்கத் தெரியாதவர் பலர் அமர்ந்திருந்த அந்தச் சபைகள், எது மலை, எது வாழ்வு என்பதற்குத் தாங்களே பொருள் சொல்லின. ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் சமூக வன உரிமைக் கோரிக்கை மனு நிரப்பப்பட வேண்டும். வன உரிமைச் சட்டம் எளிய தமிழில் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். 2022 விதிகள் கொண்டுவந்த தளர்வும் 2023 திருத்தமும் திரும்பப் பெறப்படும்வரை அந்தக் கோரிக்கை நம் முழக்கங்களின் முன்வரிசையில் நிற்க வேண்டும்.

ரைன் கரையின் அந்தக் கட்டுரைகளைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். சுள்ளியைச் சுள்ளி என்றும் மரத்தை மரம் என்றும்தான் எழுதப்போகிறேன்.