ஆஸ்பத்திரிச் சீட்டு மேகத்தில்! சாவி யார் கையில்?

"கிளவுட், கிளவுட்" என்று ஆஸ்பத்திரிகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. கிளவுட் என்றால் மேகம். நம் பக்கத்தில் மேகத்தைப் பார்த்தால், பாலாற்றில் தண்ணீர் வருமா என்றுதான் கேட்போம். இது அந்த மேகம் இல்லை. மழை பெய்யாது. ஆனால் உங்கள் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து எல்லாம் இந்த மேகத்துக்குள்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

நம்மைக் கேட்டு ஏற்றினார்களா? அதை இறக்கிப் பார்க்கும் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் வேலூர், ஆம்பூர் ஜனங்கள் இப்போதே கேட்டாக வேண்டும்.

பீரோவும் லாக்கரும்

விஷயம் ரொம்பச் சுலபம். நகையை வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டலாம். பாங்கு லாக்கரிலும் வைக்கலாம். ஆஸ்பத்திரி தன் கட்டிடத்திலேயே கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு நோயாளிகளின் கணக்கை வைத்துக்கொண்டால், அது பீரோ. வேறு ஊரில் சர்க்காரோ பெரிய கம்பெனியோ நடத்தும் கம்ப்யூட்டர் கிடங்கில் வாடகைக்கு இடம் பிடித்தால், அது லாக்கர். அந்த லாக்கருக்குத்தான் கிளவுட் என்று பெயர்.

ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் தரையில்தான். மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2015-லேயே சென்னை, மும்பை, புனே ஆகிய மூன்று ஊர்களில் இப்படிக் கிடங்கு திறந்துவிட்டது. மத்திய சர்க்காரின் ஏற்பாட்டுக்கு 'மேக்ராஜ்' என்றே பெயர். அரசு ஆஸ்பத்திரிகளுக்கான 'இ-ஹாஸ்பிடல்' அதன் மேல்தான் ஓடுகிறது.

மஞ்சப்பைக்கு விடுதலை

லாபம் இல்லாமல் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல் என்று முதலில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகிறார். அங்கே ஒரு சீட்டு. அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. அங்கே இன்னொரு சீட்டு. அங்கும் சரியாகவில்லை என்றால் ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வேலூர் வர வேண்டும். அடுக்கம்பாறையோ சி.எம்.சி.யோ, அங்கே மறுபடியும் புதுச் சீட்டு!

"பழைய ரிப்போர்ட் எங்கேம்மா?" என்று டாக்டர் கேட்பார். மஞ்சப்பையைக் கவிழ்த்துத் தேடினால் பாதிதான் இருக்கும். எடுத்த டெஸ்டையே திரும்பவும் எடுக்க வேண்டும். காசும் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு.

1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கியபோது, நோயாளியின் கதை டாக்டரின் ஞாபகத்திலேயே இருக்கும். இன்றைக்கு அது நடக்கிற காரியமா? 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. நோய்க்கு மாவட்ட எல்லை தெரியாது. நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய கணக்கு கூடவே வர வேண்டும். மேகத்தால் அது முடியும்.

தோல் தொழிலாளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோல் பதனிடும் இடத்தில் குரோமியம் புழங்குகிறது. சட்டத்தில் தொழில் நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குரோமியத்தால் வரும் நோய்க்கும் அதில் இடம் உண்டு. ஆனால் நஷ்டஈடு கேட்கப் போனால், "எப்போதிலிருந்து இந்த நோய்? என்ன அத்தாட்சி?" என்பார்கள். பத்து வருஷத்துச் சீட்டுகளை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததை மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் ரேஷன் கார்டு போனால் வேறு வாங்கலாம். பழைய எக்ஸ்ரே போனால் போனதுதான்.

ஆகவே மேகம் வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால்...

டெல்லியில் நடந்தது என்ன?

2022 நவம்பர் 23-ந் தேதி காலை. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்கள் திடீரென்று படுத்துவிட்டன. திருடர்கள் வலை வழியாக உள்ளே புகுந்து, தகவல்களை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல் முடங்கியது என்று பார்லிமெண்டில் சர்க்கார் பதில் சொன்னது. ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை எல்லாம் கையால் எழுத வேண்டியதாயிற்று. பெரும்பாலான வேலைகள் பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. திருடர்கள் உடைத்தது லாக்கரை அல்ல, ஆஸ்பத்திரியின் சொந்தப் பீரோவை! "எங்கள் கட்டிடத்தில் இருந்தால்தான் பத்திரம்" என்ற பேச்சு அன்றோடு பொய்த்தது. இன்னொன்று, கடைசியில் காப்பாற்றியது திருடர்கள் கை படாத ஒரு நகல். அந்த நகலை வைத்துத்தான் தகவல்களைப் புதுச் சர்வர்களில் ஏற்றினார்கள்.

அதற்காக லாக்கர்காரரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2024 ஜூலை 19-ந் தேதி கிரௌட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் தன் சாஃப்ட்வேருக்கு ஒரு தப்பான அப்டேட்டை அனுப்பியது. உலகம் பூராவும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. பல நாடுகளில் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். எங்கேயோ ஒருத்தர் செய்த தப்புக்கு, எங்கேயோ இருக்கும் நோயாளி காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று.

ரகசியம் ரகசியமாக இருக்குமா?

வேலூருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1986-ல் சென்னையிலிருந்து வந்த ரத்தத்தைச் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. பக்கத்தில் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. நோயை விட, நோயாளியின் பெயர் வெளியே போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இந்த ஊர் டாக்டர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்கு ரகசியம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒரு அலமாரியில் இருந்தது. நாளைக்கு ஒரு பட்டனில் இருக்கும். "இந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா" என்று வேலை கொடுக்கும் முதலாளிக்குத் தெரிந்தால், அந்தப் பெண்ணுக்கு மறுபடி வேலை கிடைக்குமா? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில், அம்மாவின் மனநோய் மாத்திரை பற்றிப் பேச்சு வந்தால்?

2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் 'ஆபா' என்று 14 இலக்க நம்பர் தருகிறார்கள். அது கட்டாயம் இல்லை. நோயாளி சம்மதித்தால்தான் ஒரு ஆஸ்பத்திரியின் கணக்கை இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்கலாம். விதி நல்ல விதிதான். ஆனால் சம்மதம் எப்படி வாங்குகிறார்கள்? செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். வீட்டுக்கு ஒரே போன் இருந்தால் அது புருஷன் கையிலோ மகன் கையிலோ இருக்கும். அதுவும் இல்லையென்றால் கம்பெனி சூப்பர்வைசர் நம்பரைக் கொடுப்பார்கள். அப்புறம் அது யார் சம்மதம்?

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. தகவலைப் பத்திரமாகக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட வழி இருக்கிறது. அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். போன மானம் திரும்பி வருமா?

செய்ய வேண்டியது

ஒன்று: மேகத்தில் ஏற்றினாலும் நோயாளி கையில் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். என்ன நோய், என்ன மருந்து என்பது தமிழில் இருக்க வேண்டும்.

இரண்டு: "சர்வர் டவுன், அப்புறம் வாங்க" என்ற பதில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் கேட்கக் கூடாது. லைன் போனால் பேனாவை எடுத்து வேலையைத் தொடர ஊழியர்களுக்குப் பழக்கம் வேண்டும். தீயணைப்புப் படை ஒத்திகை பார்ப்பது போல மாதம் ஒரு தடவை இதற்கும் ஒத்திகை நடக்க வேண்டும்.

மூன்று: தனி நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் போதாது. அதைத் திறந்து பார்த்துச் சோதிக்க வேண்டும்.

நான்கு: சின்ன நர்சிங் ஹோம் வைத்திருப்பவர்கள், மாத வாடகை குறைவு என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. நாளைக்குக் கம்பெனியை மாற்றினால் தகவல் முழுவதும் திரும்பி வருமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வீட்டைக் காலி செய்யும்போது சாமானை விட்டுவிட்டு வருவோமா?

ஐந்து: செல்போன் இல்லாதவருக்கும் அதே வரிசை, அதே வைத்தியம். தொழிலாளியின் நோய்க் கணக்கைப் பார்க்க முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் எந்தக் கதவும் திறக்கக் கூடாது. யார் எப்போது பார்த்தார்கள் என்று நோயாளி கேட்டால் பதில் தர வேண்டும்.

இதெல்லாம் பெரிய ஆசை இல்லை. லாக்கர் எடுத்தவர் கையில் ஒரு சாவி இருக்கும். அது இல்லாமல் பாங்கு மானேஜரால்கூடத் திறக்க முடியாது. நகைக்கு இருக்கிற அந்த மரியாதை நம் உடம்புக்கு வேண்டாமா?

அடுத்த தடவை ஆஸ்பத்திரி கவுண்டரில் உங்கள் போன் நம்பரைக் கேட்டால் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் "எதுக்குங்க? யார் யார் பார்ப்பாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது தப்பில்லை. அது உங்கள் உரிமை.