இளையோர் மன அழுத்தம்: மரபணுச் சோதனை சொல்லாதது

ஒரே நெருக்கடியைச் சந்திக்கும் இரு இளைஞர்களில் ஒருவர் மீண்டு எழுகிறார். மற்றவர் மனச்சோர்வில் விழுகிறார். ஏன் என்ற கேள்விக்கு உயிரியல் விடை கிடைத்துவிட்டதாக 2003-இல் நம் மனநலத் துறை பெரிதும் நம்பியது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவம் முதல் பின்தொடரும் ஆய்விலிருந்து அந்த நம்பிக்கை பிறந்தது. 21 முதல் 26 வயதுக்குள் வேலை, பணம், உடல்நலம், உறவு எனப் பல இடர்களைச் சந்தித்தவர்களில், செரட்டோனின் கடத்தி மரபணுவின் குட்டை வடிவம் கொண்டவர்களே மனச்சோர்வுக்கு அதிகம் ஆளாயினர் என்று அவ்ஷலோம் காஸ்பி குழுவினர் 'சயன்ஸ்' இதழில் எழுதினர்.

முடிவு நிலைக்கவில்லை. 2009-இல் 14 ஆய்வுகளின் 14,250 பேரைச் சேர்த்து ஆராய்ந்த நீல் ரிஷ் குழுவினர், அந்த மரபணுவால் ஆபத்து கூடியதற்குச் சான்று காணவில்லை. வாழ்க்கை இடர்களுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்போ உறுதியாக நின்றது. 2019-இல், மனச்சோர்வோடு அதிகம் இணைத்துப் பேசப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தபோது, ஏனைய மரபணுக்களைவிட அவற்றுக்குத் தனிச்சிறப்பு எதுவும் தெரியவில்லை.

இதனால் உயிரியலுக்குப் பங்கில்லை என்றாகாது. அதே 2019-இல், எட்டு லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவிலிருந்து மனச்சோர்வோடு தொடர்புடைய 102 மரபணு மாறுபாடுகள் கண்டறியப்பட்டன. ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எதிரே அமர்ந்திருக்கும் ஒரு மாணவி தேர்வுத் தோல்வியைத் தாங்குவாரா என்பதை அவற்றில் எதுவும் சொல்லாது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் ஒரே ஒரு அளவும் சொல்லாது. நாளின் நேரம், தூக்கம், கருத்தடை மாத்திரை என எல்லாமே அந்த அளவை மாற்றும்.

ஆகவே, மீள்திறனை அறிய மரபணுச் சோதனைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். 'உன் உடல்வாகே பலவீனம்' என்ற எண்ணத்தை இருபது வயதில் விதைத்தால், முயற்சியைக் கைவிட அதுவே காரணமாகலாம். அந்த நேரத்தைக் கேள்விகளுக்குக் கொடுங்கள்: கடந்த ஆண்டில் என்ன நடந்தது, சிறுவயதில் வன்முறை இருந்ததா, தூக்கம் எப்படி, துன்பம் வந்தால் யாரிடம் சொல்வார்? இந்த விடைகளில் பலவற்றை நம்மால் மாற்ற முடியும். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருதுகோளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போதிய எண்ணிக்கையில் ஆட்களைச் சேருங்கள். தொடர்பு தென்படவில்லை என்றாலும் அந்த முடிவை வெளியிடுங்கள்.