சட்டத் தொகுப்பா? உரிமைப் பறிப்பா?

இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிவிட்டோம் என்று தில்லியரசு மார்தட்டிக் கொள்கின்றது. அந்நான்கனுள் மூன்று, கொள்ளைநோய்க் காலமாகிய 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சியினர் அவையைப் புறக்கணித்திருந்த வேளை பார்த்து, இரண்டே நாளில் ஈரவையிலும் நிறைவேற்றப்பட்டவை. ஐந்தாண்டு உறங்கவிட்டு 2025 நவம்பர் 21ஆம் நாள் நான்கையும் ஒருசேர நடைமுறைக்குக் கொணர்ந்தனர். சுருங்கியவை சட்டங்கள் மட்டுந்தாமா?

அச்சட்டங்கள் வானத்தினின்று விழுந்தவையல்ல. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்க்காக வ.உ.சி. முன்னின்றார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம் ஆலையின் வெள்ளை முதலாளியர் உயர் அறமன்றத்தில் தடையாணை பெற்று அச்சங்கத் தலைவரின் வாயைக் கட்டினர். அக்கொடுமையே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வித்தாயிற்று. சென்னை உழைப்பாளியின் பட்டினியில் விளைந்த அச்சட்டமும் அவ்விருபத்தொன்பதனுள் ஒன்று என்பதைத் தமிழர் எத்துணைப் பேர் அறிவர்?

ஆட்குறைப்புக்கு அரசின் இசைவு பெறவேண்டும் என்னும் கட்டுப்பாடு 1976இல் முந்நூற்றுவர் பணிபுரியும் ஆலைகட்கு விதிக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நூற்றுவராக்கிற்று. இப்போது மீண்டும் முந்நூறு! அதற்கு மேலும் அறிவிப்பு ஒன்றாலேயே உயர்த்திக்கொள்ளலாமாம். பொதுப்பயன் பணிகட்கு மட்டுமே இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் எல்லாத் தொழிற்கும் ஆகிவிட்டது. பதினான்கு நாள் முன்னரே சொல்லிவிட்டுத்தான் வேலையை நிறுத்தவேண்டும். பாதிப்பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பெடுத்தாலும் அது வேலைநிறுத்தமே.

குறித்த காலப் பணியாளர்க்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டென்பர். நல்லதே, மறுப்பாரில்லை. ஆயின் அக்காலம் முடிந்ததும் அவனை வெளியே அனுப்புதல் ஆட்குறைப்பே அன்று என்றும் அதே சட்டம் சொல்கின்றது. ஒரு கையால் உழக்கு நெல் அளந்து மறுகையால் வயலையே எழுதி வாங்கும் வித்தை இது.

யாரும் பேசாத ஒன்று உண்டு. அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த 1946இல் நிலையாணைச் சட்டம் வந்தது. நூற்றுவர் பணிபுரியும் நிறுவனங்கள் பணி விதிகளை எழுதி ஒப்புதல் பெற்று, ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் பலகையில் ஒட்டவேண்டும் என்றது அது. வெள்ளையன் ஆண்ட காலத்திலேயே தமிழ்த் தொழிலாளி தன்னைத் தண்டிக்கும் விதியைத் தமிழில் படிக்க உரிமை பெற்றான். இன்று நிலையாணைக்கும் வரம்பு முந்நூறு. இருநூற்றைம்பதின்மர் உழைக்கும் ஆலையில் அத்தமிழ்ப் பலகை கட்டாயமன்று. ‘தன்னாட்சி’ தந்த பரிசு! இவர்களே 2025 அக்டோபரில் ‘சிரம சத்தி நீதி’ என வடமொழியில் பெயர் சூட்டித் தொழிலாளர் கொள்கை வரைவு வெளியிட்டு, அதில் மனுமிருதியையும் துணைக்கழைத்தனர். உழைப்பவனைச் சூத்திரன் என்று தாழ்த்திய நூலா உழைப்பவனுக்குக் காப்பு?

தில்லியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 2023 ஏப்பிரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே நிறைவேற்றிற்று. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொடியேற்றிய நூறாம் ஆண்டு அது! தொழிலாளர் கொதித்தெழுந்தனர், மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. கடைப் பணியாளர்க்கு இருக்கை தரச் 2021இல் சட்டம் செய்த அதே மன்றந்தான் இதையும் செய்தது என்பதை மறத்தலாகாது.

எனவே வேண்டுவது இதுவே. புதிய சட்டப்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணியமர்த்த ஓலை தந்தாகவேண்டும். மாநில ஆட்சிக்குட்பட்ட தொழில்களில் அதன் படிவத்தை விதிக்கும் உரிமை மாநில அரசினுடையது. தன் வேலை எந்நாளில் முடியும் என்பதை ஆங்கிலத்தில் எழுதிவைத்துக் கைந்நாட்டு வாங்கும் வஞ்சத்தைத் தடுக்க, அப்படிவம் தமிழில் இருந்தாகவேண்டும் என்று விதி வகுக்கத் தமிழ்நாட்டரசு எவர் இசைவுக்குக் காத்திருக்க வேண்டும்?