வரைபடத்தில் மட்டும் இருக்கும் பூங்கா



கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி நம் இல்லங்களில் எழுந்துவிடுகிறது. தென்காசி வட்டாரத்துச் சிறு நகரங்களில் வாழும் நமக்கு என்ன குறை, குற்றாலம் அருகில்தானே இருக்கிறது எனப் பிறர் கூறுவர். சாரல் வருவது ஆனியிலும் ஆடியிலும். பள்ளி விடுமுறையோ சித்திரையிலும் வைகாசியிலும். அவ்விரு மாதங்களில் அருவிப் பாறைகள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். கோடை மழை பெய்து நீர் விழுந்தாலோ வேறு அச்சம். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டு சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று, தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கும் தனியார் நீர் விளையாட்டுப் பூங்கா. ஐந்து பேர் கொண்ட குடும்பம் அங்கே ஒரு நாளில் செலவிடும் தொகை, சாதாரண வருவாய் உடையவருக்குப் பெரும் சுமை. அத்துடன் நைலான் உடையின்றி நீரில் இறங்கக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. ஆகவே நம் தாய்மார்கள் பணம் கட்டி உள்ளே சென்று, கரையில் அமர்ந்து பைகளைக் காத்துவிட்டுத் திரும்புகின்றனர். மற்றொன்று, கிணறும் குளமும் கால்வாயும். பையன்கள் அங்கேதான் போகின்றனர், பெரும்பாலும் வீட்டில் சொல்லாமல். உலகில் 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் நீரில் மூழ்குதல் மூன்றாம் இடத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஜனாஸாத் தொழுகைக்குப் பின்னர் பெற்றோரைக் குறை கூறுவது எளிது. அந்தப் பிள்ளைக்கு நாம் வேறு எந்த இடத்தைக் காட்டினோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் கடினம். மக்தபில் ஓதவரும் சிறுமிகளிடம் விடுமுறையில் எங்கே விளையாடினீர்கள் என்று கேட்டால், ஏழு வயதுக்காரி தெருவைச் சொல்கிறாள். பத்து வயதுக்காரி மாடியைச் சொல்கிறாள். பன்னிரண்டு வயதுக்காரி சிரித்துவிட்டுத் தலை குனிகிறாள். அவளுக்கு விளையாடும் வயது முடிந்துவிட்டதாக நாமே தீர்மானித்துவிட்டோம். மார்க்கம் அவ்வாறு தீர்மானிக்கவில்லை. பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் கண்டுகளிக்க நபி (ஸல்) அவர்கள் தம்மையே மறைப்பாக ஆக்கி நின்றார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அன்னையார் தாமாகச் சலிப்படையும் வரை நபியவர்கள் நகரவில்லை. விளையாட்டில் ஆர்வமுள்ள இளம்பெண்ணின் மனத்தைக் கருத்திற் கொள்ளுங்கள் என்று அன்னையாரே பின்னர் எடுத்துரைத்தார்கள். இந்த ஹதீஸில் மறைப்பும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. நாம் மறைப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சிங்கப்பூரில் வாழும் உறவினரைக் காணச் சென்று வந்தோர் நம் வட்டாரத்தில் பலர். அங்குள்ள கரையோரப் பூந்தோட்டங்களில் 2014இல் திறக்கப்பட்ட சிறுவர் தோட்டத்தை அவர்கள் பார்த்திருக்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. தரையிலிருந்து நீர் பீச்சியடிக்கிறது. குழந்தைகள் அதனூடே ஓடுகின்றனர். இத்தகைய தளத்தை ஸ்பிளாஷ் பேட் என்பர். இதில் குளம் இல்லை, மூழ்கும் ஆழமும் இல்லை. விழுந்த நீர் உடனே வடிகாலில் இறங்கி நிலத்தடித் தொட்டியை அடைகிறது. அங்கே வடிகட்டப்பட்டுக் குளோரின் சேர்க்கப்பட்டு மீண்டும் மேலே வருகிறது. பொத்தானை அழுத்தினால் மட்டும் சில நிமிடங்கள் இயங்குமாறும் அமைக்கலாம். நமக்கு மிகவும் உவப்பானது இதன் எளிமை. தாயானவள் தன் வழக்கமான உடையிலேயே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்கலாம்.

தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் இது வீண்விரயம் அன்றோ என்பது நியாயமான ஐயம். ஏறத்தாழ ஒரு முத்து நீரில் உளூச் செய்த நபியின் உம்மத்து நாம். மறுசுழற்சி இல்லாமல், குழாயைத் திறந்துவிட்டுச் சாக்கடையில் விடும் அமைப்பை எவரேனும் முன்வைத்தால் நாமே எதிர்ப்போம். மறுசுழற்சிக்கும் கவனிப்பு வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமி, குளோரின் கலந்த நீரிலும் நாட்கணக்கில் உயிர்வாழக் கூடியது. ஆதலால் வயிற்றுப்போக்குள்ள குழந்தையை அழைத்து வரலாகாது, நீரை விழுங்கலாகாது, பராமரிப்புக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் பம்பு அறையைவிட மண்ணும் ஊஞ்சலும் மேல். (சுழன்று வரும் அந்நீர் பட்ட ஆடையுடன் தொழலாமா என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை எட்டிய நீர், அசுத்தத்தால் நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை சுத்தமானதே. தொட்டியில் அதனினும் பன்மடங்கு நீர் இருக்கும்.)

நீர்த்தளம் பின்னர் வரட்டும். முதலில் நிழல் வேண்டும், சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் வேலி வேண்டும், தாய்மார் அமர்ந்து பிள்ளைகளைப் பார்க்கக்கூடிய இருக்கைகள் வேண்டும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும். பெண்கள் பூங்காவுக்கு வராமைக்குக் கழிப்பறை இல்லாமையே பாதிக் காரணம். உயர்ந்த மதில் கட்டி மறைப்பதை நாம் விரும்பவில்லை. ஆள் நடமாட்டம் தெரியாத மதிலுக்குள் பாதுகாப்புக் குறையும். வாரத்தில் சில மாலைகளைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் என ஒதுக்கினால் போதும். இதை ஒரு சமூகத்தின் தனிக்கோரிக்கை என எவரும் கருத வேண்டியதில்லை. குற்றாலம் பேரருவியில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கங்களில் நீராடுகின்றனர். எல்லாச் சமயத்தாரும் அதை இயல்பாகவே ஏற்றுள்ளனர்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே விளையாட்டுக்கு உகந்தது. அந்நேரத்தைத்தான் டியூஷனும் மக்தபும் பங்கிட்டுக் கொள்கின்றன. மக்தப் வகுப்பை ஃபஜ்ருக்குப் பின்னரோ மஃரிபுக்குப் பின்னரோ மாற்றுவது குறித்து ஜமாஅத்துகள் ஆலோசிக்கட்டும். ஓடியாடிய பிள்ளை ஓதும்போது உறங்கிவிடும் என்று சக உஸ்தாதுகள் அஞ்சுகின்றனர். ஓடாத பிள்ளையும் உறங்கத்தான் செய்கிறது.

இடம் எங்கே என்பதுதான் இறுதியில் எல்லோரும் கேட்பது. இடம் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் போக எஞ்சும் நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டில் உழைத்த பணத்தில் நம் சகோதரர்கள் மனை வாங்கிய நகர்களின் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் 'பூங்கா' என்று எழுதியிருக்கும். நேரில் சென்றால் சீமைக் கருவேலமும் கட்டடக் கழிவும் இருக்கும். சில இடங்களில் அதுவும் இராது; வேலி நகர்ந்து நகர்ந்து யாரோ ஒருவரின் தோட்டமாகியிருக்கும்.

இங்கே நமக்குள் கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். அத்தகைய நிலத்தைக் கண்டால், பள்ளிவாசலோ மத்ரஸாவோ கட்டலாமே என்ற எண்ணம் நல்லோர் சிலருக்கு எழுகிறது. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவீ எழுந்த நிலம், பேரீச்சம்பழம் உலர்த்தும் களமாக இருந்தது. இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும் நபி (ஸல்) அவர்கள் ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளின் நிலத்தை அல்லாஹ்வின் இல்லத்திற்காகக்கூட இனாமாகப் பெறாத நபியைப் பின்பற்றுவோர், ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் உரிய அமானத்தில் கை வைப்பது எங்ஙனம் தகும்? நாட்டின் சட்டமும் அவ்வழியே பேசுகிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நோயாளிக்குப் பயன்படும் மருத்துவமனைக்கே அந்நிலை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று வேண்டுகிறோம். அடுத்த கூட்டத்தில் நிதியைப் பற்றிப் பேசும் முன், உங்கள் மஹல்லா எல்லைக்குள் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவுகள் எத்தனை, அவற்றில் திறந்தவெளி எவ்வளவு, தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்று நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அளிக்கலாம். 30 நாட்களுக்குள் பதிலளித்தாக வேண்டும். பிற சமயத்து அண்டைவீட்டாரையும் கையொப்பமிட அழையுங்கள். அவர்களின் பிள்ளைகளும் தெருவில்தான் நிற்கின்றனர். இடத்தைப் பார்வையிடச் செல்லும்போது வீட்டுப் பெண்கள் இருவர் மூவரையேனும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இருக்கை எங்கே, விளக்கு எங்கே, வாயில் எந்தத் தெருவை நோக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

வஸ்ஸலாம்.