பாஸ்புக்குக்கு நன்னடத்தைச் சான்றா?

பாலியல் தொழில் வன்முறை என்கிறது பெண்ணியத்தில் ஓர் அணி. உழைப்பு என்கிறது இன்னொன்று. இருக்கட்டும். கல்கத்தா சோனாகாச்சிப் பெண்கள் 1995ல் உஷா கூட்டுறவுச் சங்கம் தொடங்கப் போனபோது 'நன்னடத்தை' விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசி என்று பொய் எழுத மறுத்தார்கள். தொழிலைச் சொல்லியே பதிவு வாங்கினார்கள். வட்டிக்காரனிடமிருந்து தப்ப வேறென்ன வழி? பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது புரியுது.

1956 விபச்சாரத் தடுப்புச் சட்டம் 4வது பிரிவின்படி, தெரிந்தே அம்மா காசில் சாப்பிடும் 18 வயது தாண்டிய மகனும் குற்றவாளி. அந்தப் பிரிவு தொலையணும். தரகனைப் பிடிக்க வேற பிரிவு எழுதட்டும். ஆனா 'சுயதேர்வு' பேசும் தோழியரே, கர்நாடகத்தில் 1982ல் தடைச் சட்டம் வந்த பிறகும் எல்லம்மாவுக்குப் பொட்டுக் கட்டினது பெரும்பாலும் மாதிகர், ஹொலையர் வீட்டுச் சிறுமிகளுக்குத்தானே? அதுல எவள் தேர்ந்தெடுத்தாள்?